வெள்ளிக்கிழமை நாறாத நூலகம்

7

“அண்ணை, உந்தப் பெட்டியிலை வனிலா ஐஸ்கிறீம் எண்டு எழுதியிருக்கு. திறந்தால் கடலை. முதல் இந்த மோசடியைப் பிடிப்பம். பிறகு சோதிலிங்கத்தைத் தேடுவம்.”

கம்சனா காரின் முன் இருக்கையில் சாய்ந்தபடி கோயில் சுண்டலைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜெர்மனியில், வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவள். துப்பறியும் தபோதரனிடம் உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய வாய் ஓய்ந்ததை அவர் பார்த்ததில்லை.

“கோயில் சாப்பாடு அப்படித்தான் வரும். கதையாமல் சாப்பிடு,” என்றார் தபோதரன்.

“மாங்காய் எண்டு நம்பிக் கடிச்சன். பச்சை அப்பிள்! சுண்டலுக்கை ஆர் அண்ணை அப்பிள் வெட்டிப் போடுறது?”

“பரராசசிங்கத்தின்ரை மனுசி. ஹம்பேர்க்கிலை புளிப்பான மாங்காய் கிடைக்குதில்லையாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவதான் சுண்டல் அவிக்கிறவ. உலகத்திலை வேறை ஒருத்தருக்கும் உந்த யோசினை வராது.”

“வராமல் இருக்கிறது உலகத்துக்கு நல்லது.”

காலையில் கோயிலில் சுண்டலை அள்ளித் தந்தவரும், இந்த வழக்கைத் தபோதரனிடம் கொண்டுவந்தவரும் பரராசசிங்கம்தான். கோயில் தலைவர். பழைய கட்டடங்களைத் திருத்தும் கொம்பனி ஒன்றின் முதலாளி. அவரிடம் சாந்து பூசுகிற வேலை செய்த சோதிலிங்கத்தை மூன்று கிழமையாகக் காணவில்லை. அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, எந்த நேரமும் திருப்பி அனுப்பப்படலாம் என்ற கடதாசியோடு இருந்தவன் அவன். வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆகவே அவன் எங்கே வேலை செய்தான் என்பதற்குச் சாட்சியும் கிடையாது.

பொலிசுக்குப் போகக் கிளம்பிய அவன் மனைவி மகாதேவியை மறித்தவரும் பரராசசிங்கம்தான். “பொலிஸ் பிடிச்சால் நேரை பிளேன்தான் தங்கச்சி. செலவு என்ரை. நான் எங்கடை ஆளை வைச்சுத் தேடுறன்,” என்று சொல்லித் தபோதரனின் அறைக்குக் கூட்டிவந்தார். பிரேமனில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலை செய்தவன், பாரிசுக்கு பஸ் ஏறிவிட்டான், அங்கே ஒருத்தி இருக்கிறாளாம் என்று குரலைத் தாழ்த்தி ஒரு கதையும் சொன்னார்.

மகாதேவி அழவில்லை. “உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ, அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ அண்ணை,” என்றாள். அவ்வளவுதான்.

தபோதரன் அதுவரை விசாரித்ததெல்லாம் மாப்பிள்ளைமாரை. குடிக்கிறானா, ஏற்கெனவே கலியாணம் கட்டினவனா, சொன்ன படிப்பைப் படித்தவனா. ஓர் உயிர் அவருடைய மேசைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. சோதிலிங்கம் கடைசியாக மனைவிக்கு அனுப்பிய குரல் செய்தி. “மகா, கூரையைப் பாத்து வேலை செய்து கழுத்து முறியுது. சாந்திலை அன்னாசிப்பழம் செய்து கூரை முழுக்க ஒட்டி வைச்சிருக்கிறாங்கள். விசருகள்.”

பிரேமன் அலுவலகங்களின் கூரையில் அன்னாசிப்பழம் தொங்குவதில்லை. அதைக் கண்டுபிடித்தது கம்சனா. சிநேகிதி மிதுசாவின் கலியாணப் படங்களில் மணப்பெண்ணின் கொண்டைக்கு மேலே வெள்ளை வெளேரென்று அன்னாசிப்பழங்கள். இடம், ஹம்பேர்க்கிலிருந்து வடக்கே, வயல்களுக்கு நடுவே நிற்கும் வைடன்ஹோல்ட் மாளிகை.

கார் கண்ணாடியை மூடியிருந்தும் வயலுக்கு அடித்த பன்றிச் சாணம் மூக்கில் ஏறியது. கம்சனா சுண்டலை மூடி வைத்தாள்.

*

சிவப்புச் செங்கல், வரிசை பிசகாத ஜன்னல்கள், இரண்டு பக்கமும் சரிசமமாக உயர்ந்த புகைக்கூண்டுகள். ஜெர்மன் மண்ணில் ஓர் ஆங்கிலேயப் பிரபு வீடு. வாசலில் காத்திருந்த நிர்வாகி லிசா, கலியாண மண்டபம் பார்க்க வந்த மணப்பெண்ணையும் அண்ணனையும் கண்டு பல் தெரியச் சிரித்தாள். தபோதரன் அண்ணனாகவும் கம்சனா மணப்பெண்ணாகவும் தலையாட்டினார்கள்.

“கட்டியவர் ஹம்பேர்க் வியாபாரி,” என்று லிசா ஜெர்மனில் தொடங்கினாள். “சிலோன் கோப்பியில் பணம் சம்பாதித்தவர். வியாபார விஷயமாக இங்கிலாந்து போனபோது கூட்டாளியின் கிராம மாளிகையில் தங்கினார். திரும்பி வந்ததும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கட்டடக் கலைஞரைக் கப்பலில் வரவழைத்தார்.”

“சிலோன் கோப்பியோ?” கம்சனா தமிழில் முணுமுணுத்தாள். “அப்ப இது எங்கடை வீடுதான் அண்ணை. திறப்பைக் கேளுங்கோ.”

“வாயை மூடு. மணப்பெண் மாதிரி வெக்கப்படு.”

லிசா வீட்டின் பெருமைகளைக் காட்டிக்கொண்டே போனாள். பிரதான படிக்கட்டு பளிங்கு. அதற்குப் பின்னால், சுவருக்குள், வேலைக்காரருக்கென்று இன்னொரு படிக்கட்டு, ஒடுக்கமாக, இருட்டாக. இரண்டையும் பிரிக்கும் கதவில் பச்சைக் கம்பளி ஒட்டியிருந்தது, சத்தம் இந்தப் பக்கம் வராமல் இருக்க. வேலைக்காரர் நடக்கும் நடைகூடத்தில் ஜன்னல்கள் தலைக்கு மேலே இருந்தன, அவர்கள் தோட்டத்தில் உலாவும் எசமானரை எட்டிப் பார்க்காமல் இருக்க. சமையலறை வீட்டின் மறு கோடியில், முற்றத்துக்கு அப்பால்.

“ஏன் அவ்வளவு தூரம்?” தபோதரன் கேட்டார்.

“சமையல் மணம் வரவேற்பறைக்கு வரக் கூடாது என்பதற்காக.” லிசாவின் குரலில் ரசனை இருந்தது. “வேலைக்காரர் கண்ணில் படக் கூடாது, காதில் படக் கூடாது, மூக்கில் படக் கூடாது. இந்தக் கட்டடக் கலையின் இலட்சணமே அதுதான். எவ்வளவு நுட்பம், பாருங்கள்!”

தபோதரன் பார்த்தார். ஒடுக்கப் படிக்கட்டின் மரப்படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. வாளியோடும் விறகோடும் ஏறி இறங்கிய கால்கள் தின்ற மரம். பளிங்குப் படியில் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு வாய்க்குள் கசந்தது. ஒரு மனுசனை மனுசன் கண்ணில் படாமல் வைத்திருப்பதற்கு இத்தனை செங்கல், இத்தனை மூளை.

விருந்து மண்டபத்தின் கூரையில் அன்னாசிப்பழங்கள் இருந்தன. மூலையில் சில, மற்றவற்றைவிட வெள்ளையாக, புதிதாக.

“அந்த நாளில் ஐரோப்பாவில் ஒரு அன்னாசிப்பழம் வைத்திருப்பது பெரிய அந்தஸ்து,” என்றாள் லிசா.

“புதிதாகத் திருத்தியிருக்கிறார்கள். நல்ல கை வேலை. செய்தவர் யார்?” தபோதரன் கேட்டார்.

“ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பெயரெல்லாம் எனக்குத் தெரியாது. பின்கதவால் வருவார்கள், பின்கதவால் போவார்கள்.”

“கட்டின காலத்திலையிருந்து ஒரு முன்னேற்றமும் இல்லை,” என்றாள் கம்சனா தமிழில். லிசா அதை வாழ்த்து என்று எண்ணிச் சிரித்தாள்.

*

மேல்மாடி நூலகத்துக்குள் நுழைந்ததும் கம்சனாவுக்குத் தும்மல் வந்தது. மேசை, மாடம், ஜன்னல் விளிம்பு என்று எல்லா இடத்திலும் வாசனை மெழுகுதிரிகள். ஒரு மருந்துக்கடையையும் மல்லிகைத் தோட்டத்தையும் ஒன்றாகக் கரைத்து மூக்கில் ஊற்றியது போல இருந்தது.

“மன்னித்துக்கொள்ளுங்கள்,” லிசா கைகளைப் பிசைந்தாள். “உங்களுக்கு அதிர்ஷ்டம், இன்று வெள்ளிக்கிழமை. மற்ற நாட்களில் மத்தியானம் இந்த அறையில் நிற்க முடியாது. செத்த மீன் எரிகிற மாதிரி ஒரு நாற்றம். போன கிழமை ஒரு விருந்தாளி இந்தக் கம்பளத்திலேயே வாந்தி எடுத்தார். குழாய் பார்க்கிறவர் வந்தார், எலி பிடிக்கிறவர் வந்தார். ஒன்றும் அகப்படவில்லை.”

“வெள்ளிக்கிழமையில் வருவதே இல்லையா?”

“இல்லை. அதுதான் வேடிக்கை. எங்கள் உணவகத்தில் வெள்ளிக்கிழமைதான் மீன். இந்த நாற்றம் மற்ற எல்லா நாளும் வந்து, வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வெடுக்கிறது.”

தபோதரனும் கம்சனாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அண்ணை,” கம்சனா மெதுவாகச் சொன்னாள், “கத்தோலிக்கப் பேய் எண்டால் வெள்ளிக்கிழமை மீன் திண்டிருக்கும். இது திங்காமல் விட்டிருக்கு.”

“சைவப் பேய்.”

“மற்ற நாளிலை கருவாடு பொரிக்கிற சைவப் பேய்.”

“லிசா, எந்தப் பக்கத்தால் வரும்?”

அவள் கணப்படுப்பைக் காட்டினாள். பல வருடம் நெருப்பே காணாத பளிங்கு அடுப்பு. தபோதரன் குனிந்து, மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்துவிட்டு, மூச்சை இழுத்தார். கருவாடு இல்லைத்தான். ஆனால் கருவாடு இல்லாத நாளில்தான் அதன் அடியில் கிடந்தது தெரிந்தது. ஈரச் சுண்ணாம்பு. அதற்குள் இனிப்பாக, கொழகொழவென்று, அழுகும் ஏதோ ஒன்று.

“கம்சனா. இது சாப்பாடு இல்லை.”

அவள் முகத்தில் பகிடி நின்றுபோயிற்று.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் முழுவதும் புத்தகங்கள். தபோதரன் விரலால் தட்டிக்கொண்டே போனார். ஒரு பகுதியில் சத்தம் மாறியது. அங்கே இருந்தவை புத்தகங்கள் அல்ல. மரப்பலகையில் ஒட்டிய தோல் முதுகுகள்.

“கண்டுபிடித்துவிட்டீர்களே!” லிசா கை தட்டினாள். “மறைகதவு. ஆங்கில மாளிகைகளில் இது நாகரிகம். பின்னால் ஒரு சின்ன அறை. தூரத்துச் சமையலறையிலிருந்து வரும் சாப்பாட்டைச் சூடாக்கி வைக்கிற இடம். அதன் புகைக்குழாயும் இந்த அடுப்பின் குழாயும் ஒன்று. ஆனால் இப்போது அடைத்தாயிற்று. உத்தரம் உக்கிப்போய் ஆபத்து என்று ஒப்பந்தக்காரரே வந்து அடைத்துவிட்டார். அவருடைய ஆட்களைத் தவிர யாரும் கிட்டப் போகக் கூடாது என்றார்.”

“அடைச்ச கதவிலை ஆர் சோறு திண்டது?” என்றார் தபோதரன்.

மற்றத் தோல் முதுகுகள் எல்லாம் தூசி படிந்து கிடந்தன. ஒன்றின் ஓரத்தில் மட்டும் தூசி இல்லை. அதில் மஞ்சள் கறை. எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த விரல்கள் பதிந்து பதிந்து ஊறிய கறை. எந்தத் தமிழ் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியிலும் அவர் பார்த்த கறை.

அந்த முதுகைப் பிடித்து இழுத்தார். பூட்டு இல்லை. கதவு சத்தமில்லாமல் திறந்தது.

நாற்றம் முதலில் வெளியே வந்தது. லிசா இரண்டடி பின்வாங்கி வாயைப் பொத்தினாள்.

உள்ளே, புகைக்குழாயின் கீழே ஒரு சின்னக் காஸ் அடுப்பு. பக்கத்தில் சட்டி, தண்ணீர்ப் போத்தல்கள், மூடி வைத்த ஒரு வாளி. அதன் மேல் ஈக்கள். தரையில் விரித்த மெத்தையில் தாடி வளர்ந்த ஒரு மனிதன் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தான். முடியவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக, பருமனாக இருந்தது. கூரைக்குப் பூசுகிற அதே சாந்தில் தானே வார்த்துக்கொண்ட கட்டு. கீழ் ஓரம் பச்சையும் மஞ்சளுமாக ஊறி வெடித்திருந்தது. வெளியே நீட்டிய விரல்கள் கறுத்திருந்தன.

“இங்கே நெருப்பு மூட்ட அனுமதி கிடையாதே!” என்றாள் லிசா. “காப்புறுதி...”

கம்சனா திரும்பினாள். அழகான, இலக்கணம் பிசகாத ஜெர்மனில் சொன்னாள்: “அம்மணி, நெருப்பைப் பிறகு அணைக்கலாம். இப்போது நூற்றுப் பன்னிரண்டை அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கம்பளத்தில் அடுத்த வாந்தி என்னுடையது.”

லிசா தொலைபேசியோடு ஓடினாள்.

“சோதிலிங்கம் தானே?” தபோதரன் குந்தினார்.

“ஓம்.” காய்ச்சலில் அவன் பல் அடித்தது. “அண்ணைதான் உங்களை அனுப்பினவரோ?”

“எந்த அண்ணை?”

அவன் வாயை மூடிக்கொண்டான். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தபோதரன் மேலும் கேட்கவில்லை. மெத்தையின் தலைமாட்டில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி இருந்தது. திறந்தார். கோயில் பொங்கல், பாதி தின்றது. ஓரத்தில் சுண்டல். சுண்டலுக்குள் மெல்லியதாக வெட்டிய பச்சை அப்பிள், இன்னும் நிறம் மாறவில்லை.

கம்சனா எட்டிப் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போயிற்று. “எனக்கும் காலமை அதே சட்டியிலை இருந்துதானே அள்ளித் தந்தவர். சிரிச்சுக்கொண்டு. எங்களுக்குத் தந்திட்டு நேரை இஞ்சை வந்திருக்கிறார்.”

மாப்பிள்ளை விசாரிக்கிறவனைப் பிடித்து உயிர் தேட விட்டது ஏன் என்று தபோதரனுக்கு இப்போது விளங்கியது. கண்டுபிடிக்கத் தெரியாதவன் என்று நம்பித்தான் பரராசசிங்கம் தேர்ந்தெடுத்திருந்தார்.

“பரராசசிங்கம் இஞ்சை வந்து போறது எங்களுக்குத் தெரியும் தம்பி. மிச்சத்தைச் சொல்லு.”

பெயரைக் கேட்டதும் சோதிலிங்கம் உடைந்தான். “கூரை வேலைக்குக் கட்டின சாரத்தாலை விழுந்திட்டன் அண்ணை. எலும்பு வெளியிலை வந்திட்டுது. ஆசுப்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் பிளேன் எண்டு அண்ணை சொன்னவர். காயம் ஆறும் மட்டும் இஞ்சை கிட எண்டார். போனை வைச்சிருந்தால் பிடிப்பாங்கள் எண்டு அதையும் வாங்கிக்கொண்டு போட்டார். ராசா மாதிரிப் பாக்கிறார் அண்ணை. சாப்பாடு கொண்டு வாறார், வாளியும் அவரே...”

“கதவு பூட்டேல்லையே. கூப்பிட்டிருக்கலாமே!” என்றாள் கம்சனா.

“பூட்டு என்னத்துக்கு, தங்கச்சி? அண்ணை சொன்னவர்.”

தபோதரன் எழும்பிக் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார். பச்சைக் கம்பளிக் கதவும் உயரத்து ஜன்னலும் அந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞன் கட்டியவை. இந்தக் கதவை அடைத்தது எங்களில் ஒருவன். விபூதி பூசின கையால்.

“மகாதேவிக்கு எல்லாம் தெரியும் அண்ணை,” என்றான் சோதிலிங்கம், அவர்களைத் தேற்றுவது போல. “அவதான் கட்டாக் கருவாடு தந்துவிடுறவ. நாளுக்கொரு துண்டு பொரிப்பன். வெள்ளிக்கிழமை மட்டும் தொடமாட்டன்.”

தபோதரன் மகாதேவிக்கு அடித்து, தொலைபேசியின் ஒலியைக் கூட்டினார்.

“தங்கச்சி, உயிரோடை இருக்கிறார். பக்கத்திலை நிக்கிறன். கதையுங்கோ.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “இஞ்சருங்கோ?”

“மகா, நீ அனுப்பின கருவாடு...”

“கருவாடோ? என்ன கருவாடு? நீங்கள் பாரிசிலை ஒருத்தியோடை இருக்கிறியள் எண்டெல்லோ அந்த மனுசன் சொன்னது!”

சோதிலிங்கம் தொலைபேசியைப் பார்த்தான். பிறகு பொங்கல் பெட்டியைப் பார்த்தான். காலைப் பற்றி, பொலிசைப் பற்றி, பிளேனைப் பற்றி அவன் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி, கையை நீட்டிப் பெட்டியைத் தள்ளிவிட்டான். பொங்கல் தரையில் சிதறியது.

*

அம்புலன்ஸ்காரர் மறைகதவால்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. கட்டை அறுத்தபோது அவர்களில் ஒருவன் முகமூடிக்குள் எதையோ திட்டினான். கால் தப்புமா என்று தபோதரன் கேட்டார். “முழங்கால் தப்பும். கீழே சொல்ல முடியாது. நாளைக்கு வந்திருந்தீர்களானால் ஆளே தப்பியிருக்காது,” என்றான்.

சோதிலிங்கத்தைப் பளிங்குப் படிக்கட்டின் வழியாக, முன்கதவால் கொண்டுபோனார்கள். பின்வழியால் போகலாமே என்று லிசா தொடங்கினாள். கம்சனாவின் பார்வை பட்டதும் பாதியில் நிறுத்தினாள்.

தபோதரனின் தொலைபேசி அடித்தது. பரராசசிங்கம்.

“என்ன தபோ, ஏதும் துப்புக் கிடைச்சுதே? நான் நினைக்கிறன், பாரிஸ் பக்கம் ஒருக்கால் போய்ப் பாத்தால் நல்லம்.”

“பாரிஸ் தேவைப்படாது அண்ணை. அக்காவின்ரை சுண்டல் நல்லாயிருந்தது. அந்தப் பெட்டியைத் திருப்பித் தர வேணும். எங்கை நிக்கிறியள்?”

“கோயிலிலை. பின்னேரப் பூசைக்கு ஆயத்தம்.” குரலில் ஒரு சின்னத் தயக்கம். “பெட்டிக்கென்ன அவசரம்?”

“இருக்கு அண்ணை. அங்கேயே நில்லுங்கோ. கூட ரெண்டு மூண்டு பேர் வருவினம்.”

அழைப்பை வெட்டினார். கீழே முற்றத்தில் பொலிஸ் கார் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கம்சனா காரிலிருந்து எடுத்துவந்த வனிலாப் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தாலும் வாய் திரும்பி வந்துவிட்டது.

“அண்ணை, சாப்பாடு வந்த பெட்டியை வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாதெண்டு அம்மா சொல்லுவா. சீனியாவது போட்டுக் குடுக்க வேணுமாம். என்னத்தைப் போடுவம்?”

தபோதரன் குனிந்தார். அறுத்தெறிந்த சாந்துக் கட்டின் சீழ் ஊறி நாறிய ஒரு துண்டு தரையில் கிடந்தது. வெறும் விரலால் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, மூடியை இறுக்கி அழுத்தினார்.